சீமாட்டி குடித்த அரைக் கோப்பை

அன்புள்ள சித்திக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும்கூட. படித்ததும் கிழித்துவிடுங்கள். நான் நலம். அப்பாவுக்குச் சளி. சீமாட்டி நலமா என்பதைத்தான் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நீங்கள் சொல்ல வேண்டும்.

சீமாட்டி, அப்பா பழக்கும் பந்தயக் குதிரை. அப்பா தும்மினால் அவள் மிரண்டு வாளியை உதைக்கிறாள். இன்று மூன்று வாளி போயிற்று. அதனால் அப்பா என்னை மருந்து வாங்க அனுப்பினார். கடைக்காரர், "யாருக்கும்மா சளி?" என்றார். "அப்பாவுக்கு. ஆனா குதிரைக்கும் ஒத்துக்கணும்" என்றேன். "ஏன், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குடிப்பாங்களா?" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. தூக்கம் வரும் மாத்திரை வேண்டாமென்றேன், அப்பா குதிரையின் காலடியில் விழுந்துவிடுவார். தைலம் வேண்டாமென்றேன், சீமாட்டி அவர் கழுத்தை நக்கிவிடுவாள். கடைசியில் வெந்நீரில் கலக்கும் எலுமிச்சைத் தூளை வாங்கினேன். பெரிய மனுஷி மாதிரி நடந்து வந்தேன்.

லாயக் கதவில் குதிரை டாக்டர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். சளி மருந்து எதுவானாலும் முதலில் அவரிடம் காட்ட வேண்டும், கை கழுவ வேண்டும், நாம் குடித்த மருந்து சிறுநீரிலும் வருமாம், அதனால் குதிரை நிற்கும் வைக்கோலில் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது. (அப்பா அதைப் படித்துவிட்டு, "நான் என்ன குதிரையா?" என்று கத்தினார்.) நான் அவசரத்தில் மருந்தை அப்பாவுக்குக் கலந்து கொடுத்துவிட்டு, அப்புறம் டப்பாவோடு டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். "ஐயையோ, இது குதிரை பக்கமே போகக் கூடாது. பந்தயத்துல நடக்குற ஊக்கமருந்துச் சோதனையில காட்டிக்குடுத்துரும், உங்கப்பா லைசன்ஸே போயிரும். நல்லவேளை கேட்டியே, கெட்டிக்காரப் பொண்ணு!" என்று சாக்லேட் கொடுத்தார். அதையும் தின்றுவிட்டேன், சித்தி!

திரும்பி ஓடிவந்தால் சீமாட்டியின் மூக்கு கோப்பைக்குள் இருக்கிறது. அப்பா எதைக் குடித்தாலும் பாதியை அவளுக்குக் கொடுப்பார், இல்லையென்றால் அவள் சேணம் போட விடமாட்டாள். இது எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கென்று பார்த்து மறந்துவிட்டது. "எலுமிச்சைன்னா மகாராணிக்கு உசுரு போலிருக்கு, பாரு பாப்பா!" என்று அப்பா பூரித்தார். சாயங்காலப் பயிற்சியில் அவள் என்றுமில்லாத வேகத்தில் ஓடினாள். "நாளை மறுநாள் இவதான் ஜெயிப்பா!" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஜெயிக்கிற குதிரையைத்தான் முதலில் சோதிப்பார்களாம். அப்பாவின் குதிரை கடைசியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே மகள் நான்தான்.

அப்பாவிடம் சொன்னால் அவருடைய எட்டு மாத உழைப்பு வீண், சீமாட்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார். சொல்லாவிட்டால் அவர் வேலையே போய்விடும். அரைக் கோப்பை இரண்டு நாளில் குதிரை உடம்பைவிட்டுப் போய்விடுமா? உடனே பதில் எழுதுங்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம், தம்பிக்கு ஒரு முத்தம்.

உங்கள் அன்பு மகள்

பி.கு. தபால் உங்களுக்குப் போய்ச் சேரவே மூன்று நாளாகும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நீங்கள் பதில் எழுத வேண்டாம். பந்தயத்திலிருந்து விலக நாளைக் காலைவரை நேரம் இருக்கிறது. விடிந்ததும் நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், அல்லது பள்ளிக்கூடம் போய்வந்த பிறகு, அல்லது

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தும்மலும் கேட்கிறது. "பாப்பா, முழிச்சிருக்கியா? அந்தத் தூள் இன்னொண்ணு இருக்கா? சீமாட்டி கேக்க