அவாஸ் அண்ணன் தேடிய நிழல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அவாஸ் அண்ணன் பயப்படாத பொருள் ஒன்று இருந்தால், அதை அவர் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இடிக்குப் பயப்படுவார், சரி. லிப்டுக்குப் பயப்படுவார், போகட்டும். கடையில் ரொட்டிச்சானாய் பரோட்டாவுக்கு மாவு வீசுகிறவர் பக்கத்து மேசையில் உட்காரக்கூட மாட்டார். "கை நழுவி மூஞ்சில வந்து ஒட்டிக்கிச்சுன்னா மூச்சு எப்படிலா விடறது?" என்பார். அவர் கேட்கும் விதத்தில் நமக்கே லேசாக மூச்சு முட்டும். அவரிடம் இருந்த ஆபத்தே அதுதான். அவருடைய பயம் அம்மை மாதிரி, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் தரப் பரிசோதனை, அவர் ஸ்டோர். சாலையில் பள்ளம் தோண்டிய இடத்தில் 'அவாஸ்' என்று மலாய் மொழியில் பலகை வைத்திருப்பார்களே, ஜாக்கிரதை என்று பொருள், அந்தச் சொல் அண்ணன் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும். சுடுதண்ணீர்க் குழாய் பக்கம் போனால் "அவாஸ்!" மாடிப்படி இறங்கினால் "அவாஸ்!" ஒருநாள் மேனேஜர் தும்மப் போனார், அதற்கும் சொன்னார். அதன் பிறகு அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

வருஷா வருஷம் முதலுதவி வகுப்பு நடக்கும். நாங்கள் எல்லாரும் இடைவேளையில் தின்னத் தரும் கறிபாப்புக்காகப் போவோம். அண்ணன் ஒருவர்தான் முதல் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். "சார், ஒருத்தர பாம்பும் கடிச்சு கரண்டும் அடிச்சா, எதை முதல்ல பாக்குறது?" என்று கேட்பார். பாடம் நடத்த வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் தொழிற்சாலை விருந்துக் குலுக்கலில் உல்லாசக் கப்பல் பயணம் விழுந்தது. இரண்டு பேருக்கு மூன்று நாள். அதே குலுக்கலில் எனக்கும் விழுந்தது. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அது பெரிய ரிஸ்க்குலா" என்பார். அதனால் இரண்டாவது சீட்டை பேக்கிங் பிரிவு குணாவுக்குக் கொடுத்தார். குணாவுக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதல் எல்லாம் கிடையாது. அண்ணன் நடந்தால் பின்னால் நின்று அவரைப் போலவே நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பவன் குணா. ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியும். கதவு மாதிரி தோள் வேறு.

என்னோடு என் மனைவி கோமதி வந்தாள். அவளுக்கு இரண்டு மாதம் முன்புதான் டெங்கிக் காய்ச்சல் வந்து போயிருந்தது. உடம்பு இன்னும் தேறவில்லை. "வெயில்ல ரொம்ப நிக்க வேணாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடல் காற்று பட்டால் நல்லது என்று நானாக முடிவு செய்து, வேண்டாம் என்றவளை வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

கூலாயிலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். மறுநாள் காலை கப்பல் நின்ற இடம் மெர்சிங் பக்கத்துத் தீவு ஒன்று. அதாவது மறுபடியும் ஜொகூர்! அண்ணனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ராத்திரி முழுக்க உயிர்காக்கும் சட்டையோடு படுத்து முதுகு பிடித்துக்கொண்ட மனிதர், "நம்ம ஊரு மண்ணுப்பா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

கப்பல் தள்ளி நின்றது. சிறு படகுகள் ஆட்களைக் கரையில் விட்டன. அண்ணன் படகிலிருந்து இறங்கியபோது அவர் தலையில் ஸ்டோரின் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது, நாடியில் வார் இறுக்கிக் கட்டி.

"அண்ணே, இது கடற்கரை. கட்டடம் கட்டுற எடம் இல்ல" என்றான் குணா.

"தேங்காய்க்கு அது தெரியுமா?" என்றார் அண்ணன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காணாமல் போனார். அரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். எங்கே போனீர்கள் என்றால், "ஒரு எடத்துக்குப் போனா வெளியேற வழி எங்க இருக்குன்னு முதல்ல பாக்கணும்" என்றார். தீவில் வெளியேற வழி கடல்தானே என்று குணா சிரித்து உருண்டான். நானும் சிரித்தேன்.

அதற்குள் எங்களுக்கு நிழல் போய்விட்டது. முதல் படகில் வந்தவர்கள் பெரிய குடைகளை எல்லாம் பிடித்துவிட்டார்கள். கொட்டகையில் துண்டு போட்டு இடம் வைத்திருந்தார்கள். தென்னை மரத்தடி காலியாக இருந்தது, அண்ணன் விடவில்லை. "மேல பாரு, எத்தன காய்!" வாதாம் மரம் ஒன்று நன்றாகப் படர்ந்து நின்றது. அடியில் போய் நின்று இலையைப் புரட்டிப் பார்த்தார். சிவப்பு முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் ஓரம் கொஞ்சம் நிழல். கீழே குச்சியை விட்டுத் துழாவி, "பொந்து இருக்கு" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

"அலமாக்! இவரோட வந்தா கருவாடா ஆகித்தான் திரும்பணும்" என்றான் குணா.

கடைசியில் தீவின் வரைபடம் வரைந்த பலகை ஒன்றின் நிழல் கிடைத்தது. ஒரு முழ அகலம். நான்கு பேரும் கம்பியில் உட்கார்ந்த குருவிகள் மாதிரி ஒருவர் பக்கம் ஒருவராக அதில் உட்கார்ந்தோம். நிழல் நகர நாங்களும் நகர்ந்தோம். எப்படியும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பும் படகு வந்துவிடும் என்ற தைரியம்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று மாறியது. அலை எழும்பி, வந்த படகு துறையில் மோதித் திரும்பிப் போனது. கடல் அடங்கும்வரை எல்லாரும் கரையிலேயே காத்திருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். எங்கள் தண்ணீர்ப் போத்தல்கள் காலி. கடை இருந்த பக்கம் ஒரே கூட்டம். ஒரு மணிவாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பலகை நிழல் பலகைக்கு அடியிலேயே ஒடுங்கிப் போயிற்று.

அப்போதுதான் கோமதி சொன்னாள்: "மழ வருதுங்க. கொடியில துணி கெடக்கு, எடுக்கணும்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "என்ன கோமதி?" என்று கையைப் பிடித்தேன். கை அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. வேர்வையே இல்லை. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்து பார்க்கவில்லை. அவள் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

அவாஸ் அண்ணன் குனிந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை அதுவரை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இது வேறு.

"வேர்க்கல. பேச்சு கொழறுது. வெயில் உள்ளுக்குள்ள எறங்கிருச்சு தம்பி" என்றார். "தூக்குங்க. ரெண்டு பேரும் தூக்குங்க. தோப்பத் தாண்டி ஒரு வாய்க்கா, மேல பலகப் பாலம். அந்தாண்ட ஒரு வீடு இருக்கு. வாசல்ல மீன்காரங்க ஐஸ் பெட்டி வச்சிருக்காங்க. காலையிலயே பாத்தேன்."

"பாத்துட்டு ஏண்ணே சொல்லல?" என்று கத்தினேன்.

"பாலத்துக்கு அடியில உடும்பு படுத்திருக்குப்பா!"

குணாவும் நானும் கைகோத்து அவளைத் தூக்கினோம். அண்ணன் முன்னால் ஓடினார். தென்னந்தோப்பு ஓரம் வந்ததும் சட்டென்று நின்றார். அண்ணாந்து பார்த்தார். போச்சு, இனி நகரமாட்டார் என்று நினைத்தேன். அவர் நாடி வாரை அவிழ்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கோமதியின் தலையில் வைத்து வாரை இறுக்கினார். மூன்று தடவை நழுவிப் போய், நான்காவது தடவைதான் மாட்டியது. பிறகு இரண்டு கையையும் தன் மொட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "முருகா, முருகா, முருகா" என்று தோப்புக்குள் நுழைந்தார்.

எங்கோ பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். ஐயோ என்று அலறினார். ஆனால் நிற்கவில்லை.

பாலம் என்று சொன்னால் பாலத்துக்கே அவமானம். ஆறேழு பலகை, பாதி இற்றுப் போனது. கீழே சேற்றில் ஓர் ஆள் நீளத்துக்கு உடும்பு தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. அண்ணன் மண்டியிட்டார். நாலு காலில் தவழ்ந்து ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "இதுல கால் வைக்கலாம்… இது வேணாம், இத மிதிக்காத குணா… இது பரவால்ல…" அவர் சொன்ன பலகையில் மட்டும் கால் வைத்து நாங்கள் கடந்தோம். அப்போது குணா சிரிக்கவில்லை.

வாசலில் ஒரு மலாய் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "மக்சிக்! தோலோங்! தோலோங்!" என்று அண்ணன் அத்தை முறை வைத்து உதவிக்குக் கத்தினார். அந்த அம்மா கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து, "மாசோக், மாசோக்" என்று எங்களை உள்ளே இழுத்துப் பாய் விரித்தார்.

சிமெண்டுத் தரை, பனையோலைக் கூரை. அந்தக் குளிர்ந்த இருட்டுக்குள் போனதும்தான் நிழல் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. கண் மூடிக் கிடந்தவள் வாயில் நான் சொம்பைத் தூக்கித் தண்ணீர் ஊற்றப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "ஊத்தாத! நெனவு இல்லாதப்ப ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும். துணிய நனை. விசிறு." மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிப் பையில் கட்டி அவள் அக்குளில், கழுத்தில் வைத்தார். மக்சிக் தன் பூப்போட்ட பாத்தேக் கைலியை நனைத்து நனைத்து அவள்மேல் போர்த்தினார். குணாவைத் துறைக்கு ஓட்டினோம், கப்பல் ஆட்களிடம் சொல்ல.

எத்தனை நேரம் விசிறினேன் என்று தெரியாது. அவள் செத்துப் போய்விடுவாள் என்ற எண்ணம் ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது. வீட்டுக்குத் தனியாகப் போய்க் கதவைத் திறப்பதுவரை நினைத்துவிட்டேன்.

பிறகு கோமதியின் மூக்கு சுருங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், என்னைத்தான்.

"என்னங்க இது, மீன் நாத்தம்?" என்றாள்.

நான் வாய்விட்டு அழுதேன். மக்சிக்கும் அழுதார். கெம்போங் மீனின் வாசம் அவள் தலைமுடியிலிருந்து போக நான்கு நாள் ஆனது. அதை ஒரு குறையாக நான் சொன்னதே இல்லை.

கடல் கொஞ்சம் அடங்கியதும் கப்பலிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். எல்லாம் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்திருந்தால், என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

கோமதியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். அண்ணன் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாலத்தை மறுபடி தாண்ட மாட்டாராம். தீவிலேயே இருந்துகொள்கிறேன், சோறு மட்டும் மாதா மாதம் அனுப்புங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உதடு வெளுத்திருந்தது.

நர்ஸோடு திரும்பி வந்திருந்த குணா அவர் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏறுங்கண்ணே."

முதுகில் ஏறியவர், திரும்பக் கிடைத்த ஹெல்மெட்டைக் குணா தலையில் கவிழ்த்தார். "எனக்கு வேணாம். நீ விழுந்தா நானும் சேர்ந்துதானே விழுவேன்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். கப்பல் ஆட்கள் படம் பிடித்தார்கள். அவர்களிடம் வாங்கி வைத்த அந்தப் படத்தை அன்றிலிருந்து இன்றுவரை குணா யாருக்கும் காட்டியதில்லை. ஸ்டோர் வாசலில் யாராவது அண்ணனைப் போல நடித்துக் காட்டினால், அவன் பார்க்கிற பார்வையில் நடித்தவன் கழிப்பறைப் பக்கம் நழுவிவிடுவான்.

போன வருஷம் அண்ணன் ஓய்வு பெற்று, வடக்கே வெகு தூரம் தள்ளிப் பெக்கோக்கில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். இன்றைக்கு மின்னல் இருக்கிறது, சுவிட்சைத் தொடாதே. முட்டையை உடைக்கும் முன் மோந்து பார். கோமதி பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" சொல்வாள்.

போன செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. எட்டு மணிக்கு நான் காரை எடுத்தபோது கோமதி ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள், தலையைக்கூட வாராமல். நெடுஞ்சாலையில் ஏறி ஆயர் ஈத்தாம் தாண்டும்போது போன் மணி அடித்தது.

"போன் சார்ஜ்ல இருந்துச்சு தம்பி. அப்பத் தொட்டா வெடிக்குமாம், அதான் ரொம்புற வரைக்கும் தள்ளி நின்னேன்" என்றார். "வண்டிச் சத்தம் கேக்குது? காலையில எங்க போறீங்க?"

"சும்மாண்ணே, ரொட்டி வாங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு, அடுத்த வெளிவழியில் வண்டியைத் திருப்பலாமா என்று கோமதியைக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நீண்ட சாலையைக் காட்டினாள். பெக்கோக் போய்ச் சேரும்வரை எண்பதுக்கு மேல் ஓட்டவில்லை. அவரைக் கேட்டால் அதுவே அதிகம் என்பார்.