மைலோ குடித்த சபாநாயகர்

பிரிக்பீல்ட்ஸில் இதுவரை யாரும் அவரைப் பேசி ஜெயித்ததில்லை. ஏனென்றால் அவர் எந்தப் பக்கமும் பேசியதில்லை. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். எங்கள் சாயங்கால மேசைக்கு அவர் சபாநாயகர், அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றம் சாட்டியவர் சொன்னதையும் இவர்தான் எடுத்துச் சொன்னார். நான் செய்யவே இல்லை என்று கூண்டில் நின்றவன் அழுததையும் இவர்தான் சொன்னார். "அடுத்தவன் பேச்சையே பேசிப் பேசி, எனக்குன்னு ஒரு கருத்து இருக்கான்னே தெரியல லா" என்பார். அதை ஏதோ பட்டம் வாங்கியதைப் போலப் பெருமையாகச் சொல்வார்.

ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் பார்வதி அக்காவின் கடை. அங்கே மேசையைச் சுற்றி அவரோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். சும்மா அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இவர் வந்து சட்டம் போட்டார். பால் விட்டு ஆற்றிய தேநீரான தே தாரேக் யாருக்கு வருகிறதோ அவர் ஆளும் கட்சி. தீர்மானத்தை ஆதரித்துப் பேச வேண்டும். பால் இல்லாத கோப்பி ஓ வந்தால் எதிர்க்கட்சி. சபாநாயகர் மட்டும் தேயும் கோப்பியும் இல்லாத மைலோ குடிப்பார், அது நடுநிலை. குடிக்க என்ன வேண்டும் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் அன்றைய தீர்மானத்தையே வெளியிடுவார். ஒருமுறை கிளாஸ் மேசையில் இறங்கிவிட்டால் மாற்ற முடியாது. காலிப் பால் டின்னால் மேசையைத் தட்டுவார், சபை கூடிவிடும்.

வாடகைக் கார் ஓட்டும் முனியாண்டி தினம் காலையில் டோலைத் திட்டிவிட்டுத்தான் பல் விளக்குகிறவர். டோல் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற தீர்மானம் வந்த அன்று பாவம் அவர் முன்னால் தே தாரேக். வேறு வழியில்லாமல் உயர்த்தச் சொல்லி வெளுத்து வாங்கினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் டோலைத் திட்ட அவருக்கே வாய் வரவில்லை. இன்னொரு நாள் காப்புறுதி முகவர் ஒருவர் வந்து உட்கார்ந்து, கோப்பியும் தேயும் கலந்த 'சாம்' கேட்டார். சபாநாயகர் டின்னைத் தட்டினார்.

"பாஸ், அது கட்சி தாவுற தவளைங்க குடிக்கிற தண்ணி. வேற மேசை பாத்துக்குங்க."

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. பாலிசியும் விற்காமல், சாமும் குடிக்காமல் எழுந்து போனார்.

எனக்கு இந்தச் சட்டங்களின் மேல் எரிச்சல் உண்டு. நாள் முழுக்கப் பெட்டாலிங் ஜெயாவில் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு வருகிறவனுக்கு, டீ குடிக்கக்கூட விதிமுறையா? ஆனாலும் ஒரு நாள் போகாவிட்டால் தலைவலி வந்துவிடும். அப்படி ஒரு பழக்கம்.

அப்போது பத்திரிகைகளில் ஒரே பேச்சு. மேற்காசியாவில் தீவிரவாதிகளை எதிர்க்கப் பல நாடுகள் கூட்டணி சேர்ந்திருந்தன. அதில் நம் நாட்டு ராணுவத்துக்கு என்ன வேலை? சண்டைக்கு ஆள் அனுப்புவதா, மருத்துவக் குழுவை மட்டும் அனுப்புவதா, ஒதுங்கி நிற்பதா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் அது சுருங்கி, அனுப்பலாமா கூடாதா என்று ஆனது.

"அவனுங்க இங்க வந்து குண்டு வைக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா? நம்ம ஊருலேருந்தே ஆள் சேக்குறானுங்க" என்று முனியாண்டி தே தாரேக்கோடு கத்தினார்.

எதிரே ஆரோக்கியம். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். மூன்று தலைமுறையாக ஞாயிறு பூசை தவறாத குடும்பம். பிறந்ததிலிருந்து கோப்பி ஓ, அதனால் பிறவி எதிர்க்கட்சி. "ஊரான் போட்ட சண்டைக்கு நம்ம புள்ளைங்க எதுக்கு? பெரிய நாடுங்க குண்டு போட்டுட்டுப் போயிரும். நாம பொணத்த எடுத்துட்டு வரணுமா?" என்றார். அன்று தீர்ப்பு வரவில்லை. நாளைக்கும் தொடரும் என்று சபாநாயகர் டின்னைத் தட்டினார்.

மறுநாள் ஆரோக்கியம் வந்தபோது முகம் நன்றாக இல்லை.

"ரீத்தா பேரு குடுத்துட்டா" என்றார்.

ரீத்தா அவருடைய ஒரே மகள். ராணுவ மருத்துவமனையில் தாதி. மருத்துவக் குழு போவதென்றால் நானும் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் நிம்மதியா போவேன் அப்பாங்குறா. நான் என்ன சொல்ல? சரின்னு சொல்லி, அங்க அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா, அனுப்புனவன் நான்தானே?"

அவர் கடைப் பக்கம் திரும்பி, "அக்கா, கோப்பி ஓ" என்றார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. போகக் கூடாது என்று இன்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, அதே சூட்டோடு வீட்டுக்குப் போய் மகளைத் தடுக்கப் போகிறார்.

பார்வதி அக்கா கொண்டுவந்து வைத்தது தே தாரேக்.

"கோப்பித் தூள் ஹாபிஸ் அண்ணே, தீந்துபோச்சி. இதான் இருந்திச்சி."

நாங்கள் சபாநாயகரைப் பார்த்தோம்.

"விடுங்க லா, இன்னிக்கி மட்டும்" என்றார் முனியாண்டி.

"மேசைக்கு வந்த கிளாஸ்தான் கட்சி."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டின்னைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன். சட்டமாம் சட்டம். வயிறு எரிந்துபோய் வந்தவனிடமா காட்டுவது?

ஆரோக்கியம் கையைக் காட்டி, எழுந்துவிட்ட என்னை உட்காரச் சொன்னார். அவர் எழுந்து நின்றார். அவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதனால் வீட்டில் மகள் சொன்னதையே சொன்னார்.

"அவ சொல்றா... சண்டைய நான் ஆரம்பிக்கலப்பா, நிறுத்தவும் என்னால முடியாது. ஆனா அடிபட்ட புள்ளைய யாராச்சும் தூக்கணும்ல. யாரு குண்டு போட்டான்னு கேட்டுட்டா காயத்தக் கட்டுறது? நான் படிச்சது இதுக்குத்தான்னு சொல்றா. என்னைக் கேட்டா..."

பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் மேசையில் அதுவரை யாரும் பேசாத நல்ல பேச்சு அது. பேசியவருக்குத்தான் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

சபாநாயகர் கையை நீட்டி ஆரோக்கியத்தின் தே தாரேக்கை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். தன் மைலோவை அவர் பக்கம் தள்ளினார். டின்னையும் தள்ளினார்.

"நீ நடுவுல உக்காரு. இன்னையிலேருந்து அனுப்பச் சொன்னவன் நான். நீ இல்ல. வீட்டுக்குப் போயி புள்ள கேட்ட 'சரி'ய மட்டும் சொல்லு. என்ன நடந்தாலும் என் சட்டையைப் பிடி, புரியுதா?"

ஒரு பக்கமும் சாயாத மனிதர் எங்கள் கண் முன்னாலேயே சாய்ந்தார். அந்தக் கிளாஸைக் கடைசி மடக்கு வரை குடித்தார்.

ஆரோக்கியம் அன்று மகளிடம் சரி என்று சொல்லிவிட்டார். அரசாங்கம் கடைசியில் சிறிய மருத்துவக் குழுவை மட்டும் அனுப்பியது. ரீத்தா அதில் போனாள்.

அதன் பிறகு எங்கள் சபை தலைகீழாகிவிட்டது. டின் ஆரோக்கியத்திடம் இருந்தது. அவர் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. முனியாண்டி வாய்க்கு வந்ததைப் பேசினார். சபாநாயகர் மட்டும் தினமும் தே தாரேக் கேட்டார். தேத்தண்ணி அவருக்கு ஆகவே ஆகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு எரியும். சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்து மென்றுகொண்டே குடிப்பார்.

"மைலோவுக்கே மாறிக்கங்க அண்ணே, யாரு கேக்கப் போறா?" என்று நானே கெஞ்சினேன்.

"புள்ள இன்னும் அங்கதானே இருக்கு. அதுக்குள்ள நான் எப்படி நடுவுல உக்கார முடியும்?"

செய்தியில் அந்த நாட்டின் பெயர் வந்தால் ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொள்வார். சபாநாயகர் தொலைக்காட்சியின் முன்னால் போய் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு வந்து, "தாதிங்களப் பத்தி ஒண்ணும் இல்ல" என்பார். மறுபடியும் ஒரு மாத்திரை. கருத்தே இல்லாதவர் என்று நாங்கள் கேலி செய்த மனிதர், ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வயிறு வெந்துகொண்டிருந்தார். அப்போது அவரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவரிடம் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் அப்பாவோடு ரீத்தா கடைக்கு வந்தாள். வெயிலில் கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தாள். "அங்கிள், நல்லாருக்கீங்களா?" என்று சபாநாயகரிடம்தான் முதலில் வந்தாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இரண்டு கையையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு பாதி குடித்திருந்த தே தாரேக்கைத் தள்ளி வைத்தார்.

"பார்வதி, எனக்கு ஒரு மைலோ" என்றார்.

கிளாஸை மாற்றக் கூடாது என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.