துரைசானியின் தொட்டிக்கு ஒரு சாக்கு மணல்

கற்பிட்டி, 1934 ஆவணி

சிலாபத்தில் குடியிருக்கும் என் மச்சான் இன்னாசிப்பிள்ளைக்கு, யாகப்பு எழுதிக்கொள்வது. தேவதாயின் தயவால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

எங்கள் தென்னந்தோட்டத்துத் துரைசானி நுவரெலியாவுக்குப் போகும்போது தன் கண்ணாடித் தொட்டியை என்னிடம் விட்டுப்போனார். உள்ளே மீன்கூட இல்லை, வெறும் தண்ணீர்ச் செடிகள். "அடியில் நல்லதாக ஏதாவது போட்டு, மாற்றி நடு" என்றார். நானும் தோட்டக் கண்காணி என்ற மிதப்பில் "ஓம் நோனா" என்று தலையாட்டிவிட்டேன். என் மகள், உம்முடைய மருமகள் அல்பொன்சாவைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் தாதி வேலை படிக்கச் சேர்க்க அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். செடி செத்தால் சொல்வாரா?

முதலில் ஆலங்குடாக் கடற்கரை மணலைப் போட்டேன். வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதிலிருந்த உப்புக்கு இலையெல்லாம் அவித்த கீரையாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு எலுவன்குளத்துக் களிமண்ணை வண்டியில் வரவழைத்துப் போட்டால், தண்ணீர் பால் தேத்தண்ணி நிறமாகி, செடி இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. மிஞ்சியதையாவது தேற்றுவோம் என்று, தென்னங்கன்றுக்குக் குழியில் போடுவதுபோல மீன்தலைகளைப் புதைத்து மேலே மண்ணைப் பரப்பினேன். தென்னை தின்று கொழுக்கிறதே, இது மட்டும் வேண்டாமென்றா சொல்லும்? இப்போது தொட்டி குமிழி விடுகிறது. உம்முடைய தங்கச்சி பிரான்சிஸ்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அதில தேங்காயா பறிக்கப் போறீங்க? கொண்டுபோய்க் களப்பில ஊத்துங்க!" என்கிறாள். அல்பொன்சாவோ, "அப்பா, நோனா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டுவிட்டு அழுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

ஆகவே உங்கள் பக்கத்துத் தெதுறு ஓயா ஆற்றுப் பருமணலில் ஒரு சாக்கு, நன்றாகக் கழுவி, உடனே அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை துரைசானி வந்துவிடுவார்.

தலவில அன்னம்மாள் உம்மையும் மச்சாளையும் பிள்ளைகளையும் ஒரு குறையுமில்லாமல் காப்பாராக.

நித்திரை கெட்ட,
யாகப்பு

பி.கு.: மணல் வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன்னே துரைசானி வந்து நின்றார். தொட்டியை எட்டிப் பார்த்து, லேஞ்சியை மூக்கில் வைத்து, "வேறு வாங்கலாம், யாகப்பு" என்று சிரித்தார். போன மாதமே கொழும்பு ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டாராம். அல்பொன்சாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். வீடெல்லாம் சிரிப்பு. நான் மட்டும் தொட்டியடியில் குந்தியிருந்து அழுதேன். கேட்டவர்களுக்கு நாற்றம் என்றேன். ஒரே பிள்ளை, மச்சான். போ போ என்ற நானே போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வேன்? நீர் ஞாயிற்றுக்கிழமையே வந்து, ஏதாவது சொல்லி அவளை நிறுத்தும்.