தெற்கே கேட்ட கீச்சுச் சத்தம்

பிரிக்பீல்ட்ஸ்

மதிப்பிற்குரிய மச்சான் பரமேஸ்வரன் அவர்களுக்கு, ராதாகிருஷ்ணனின் வணக்கம்.

இங்கே உடம்பால் யாருக்கும் குறையில்லை; யார் காதை நம்புவது என்பதுதான் தெரியவில்லை. போனில் சொன்னால் உங்கள் தங்கை தங்கமணி பக்கத்தில் நின்று திருத்துவாள் என்பதால் எழுதுகிறேன்.

கடைசியாக உறுதியான தகவல்: அந்தச் சத்தம் பல்லியுடையது அல்ல, கணினியின் சார்ஜருடையது. சொன்னவர், பெட்டாலிங் ஜெயாவில் கணினி பழுதுபார்க்கும் தனேஷ்.

நீங்கள் கொண்டுவந்த கிள்ளான் சம்பந்தம் பற்றித்தான் சொல்கிறேன். எங்கள் மகள் மலர்விழிக்கும் வேலாயுதம் மகன் வாசுவுக்கும் பிடித்துப்போய், நாள் குறிப்பது மட்டும் பாக்கி என்ற நிலையில், ஞாயிறு காலை இரண்டு குடும்பமும் கணினியில் முகம் பார்த்துப் பேசினோம். வேலாயுதம், "தை கடைசியில வச்சிக்கலாமா?" என்று கேட்ட அதே நொடியில் கீச் கீச்சென்று மெல்லிய சத்தம். தங்கமணி விரலால் மேசையைத் தட்டிவிட்டு என் காதில், "தெற்கே சொல்லிடுச்சு, தெற்கே சொன்னா கூடாது," என்றாள். கணினி இருப்பது தெற்குச் சுவரோரம். இவள் தட்டியது அவர்களுக்கு எப்படிப் பட்டதோ, அங்கே வேலாயுதம் மனைவி வள்ளியம்மாவும் பதிலுக்கு மேசையைத் தட்டினார். பிறகு யோசித்துச் சொல்வதாக இரு தரப்பும் சொல்லிப் பிரிந்தோம். அதற்குப்பின் கிள்ளானிலிருந்து பேச்சில்லை. மலர்விழி சரியாகச் சாப்பிடுவதில்லை.

எங்கள் வீட்டில் பல்லியே கிடையாது மச்சான். சன்னலுக்குச் சன்னல் முட்டை ஓடு மாட்டி விரட்டியதே உங்கள் தங்கைதான். அதைச் சொன்னால், "ஓட்டுக்குப் பயப்படாத பல்லியா இருக்கும்," என்கிறாள். ஆகவே நான் விசாரணையில் இறங்கி, காற்றாடியை நிறுத்தி, குளிர்பெட்டியை நிறுத்தி, நாற்காலி மேல் ஏறிக் கணினிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், சத்தமும் வரல, பல்லியும் வரல, குளிர்பெட்டியைத் திரும்பப் போட மறந்ததில் மீன்தான் போச்சு. கணினியைத் தூக்கிக்கொண்டு தனேஷிடம் போனேன். அவர் சார்ஜரைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இதுதான் அங்கிள் கத்துது. பழசாயிட்டா இப்படித்தான் லா."

புது சார்ஜர் வாங்கி வந்தேன். சார்ஜர் கத்தினால் சகுனத்தில் சேராது என்று தங்கமணியும் ஒப்புக்கொண்டாள். ஆகவே நீங்கள் கிள்ளானுக்கு ஒருநடை போய், தங்கமணி தட்டியது அவசரத்தால் அல்ல, பல்லி என்று நினைத்ததால்தான் என்று விளக்கி, தை மாதத்தையே முடித்துத் தர வேண்டும்.

வீட்டில் அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் எல்லாரும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ராதாகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் வாசு மலர்விழிக்குப் போன் செய்தார். அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறதாம். அன்று சொன்னது அதுதானாம். வள்ளியம்மா தட்டியதும் அதற்குத்தானாம். தங்கமணி தட்டியதைப் பார்த்து, பெண்வீட்டாருக்குப் பொறுமையில்லை என்று அவர்களும் வாயை மூடிக்கொண்டார்களாம். மேலே எழுதியதில் சார்ஜர் சம்பந்தப்பட்டதை எல்லாம் அடித்துவிடவும். அவர்கள் வீட்டில் அந்தப் படம் வடக்குச் சுவரில் இருக்கிறது. வடக்கே சொன்னால் நல்லதாம். பல்லி சொன்ன சுவரா, சத்தம் வந்து சேர்ந்த சுவரா, எது கணக்கு என்பது முடிவாகவில்லை. காஜாங் போயிருக்கும் எங்கள் கோயில் குருக்கள் வெள்ளிக்கிழமை திரும்பியதும் சொல்வார். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கமணி கணினியை வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டாள்.