டாக்டருக்கு எதிரே யார்?

“வட்ட மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டரின் பக்கத்தில் என்ஜினீயர் இல்லை. பாடகிக்கும் தையல்காரருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். டாக்டருக்கு எதிரே இருப்பவர் யார்?”

மீதி நிபந்தனைகளையும் நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டுப் பாயிண்ட் அக்கா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“டாக்டருக்கும் என்ஜினீயருக்கும் என்ன தகராறு?”

“ஒரு தகராறும் இல்ல. பக்கத்துல உட்காரல, அவ்வளவுதான்.”

“காரணம் இல்லாம ஒரு மனுஷன் ஏன் பக்கத்துல உட்கார மாட்டேங்கறான்? என்னமோ நடந்திருக்கு. நம்மகிட்ட மறைக்கிறாங்க.”

“அது நமக்கு வேண்டாத விஷயம். எதிர்ல யாரு, அதைச் சொல்லுங்க.”

“பாடகி,” என்றார் அவர் யோசித்து. “டாக்டருக்கும் பொழுது போகும்.”

பாயிண்ட் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. எழுதப் போகிறவர் பாடகிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாயிண்ட் அக்கா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. சலவைக் கடை கவுண்டரில் வாங்கிய பெயர். கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “பட்டன் போயிடுச்சு, நீங்கதான் தொலைச்சீங்க” என்று கத்துகிறவர்களிடம் அவள் குரலை உயர்த்துவதே இல்லை. “பாயிண்ட்டுக்கு வாங்க சார்” என்பாள். பட்டன் இருந்த இடத்தில் அழுக்கேறிய பழைய நூலைக் காட்டுவாள். “இது நேத்து அறுந்த நூலா சார்?” என்று கேட்பாள். வந்தவர் கோட்டை மடித்துக்கொண்டு போய்விடுவார். பெயர் கடையிலிருந்து கிளம்பி அவள் குடியிருக்கும் கட்டடம் வரை வந்து தங்கிவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு வராது. அது பரீட்சை. டிகிரி வாங்கிய கையோடு ஒரு வேலைத் தேர்வு எழுதப் போனாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்தது, எழுத்தெல்லாம் கலங்கியது, எழுந்து வெளியே வந்துவிட்டாள். அதோடு சரி. வண்டி ஓட்டக்கூட அவள் கற்றுக்கொள்ளவில்லை, லைசென்ஸ் டெஸ்ட்டில் எட்டு போடச் சொல்வார்கள் என்று பயம்.

அவளுடைய அண்ணன் ஆடிட்டர். கணக்கில் எதையும் விட மாட்டார், இந்தக் கதையையும் விட மாட்டார். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அவள் பேனாவைக்கூட மறந்துவிட்டு ஓடிவந்ததை நடித்துக் காட்டுவார். போன முறை அப்படி நடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கணவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“நான் சட்டம் படிக்கப் போறேன்.”

அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

“எது, நீங்களா மாப்பிள்ளை?” என்றார் அண்ணன்.

“சாயங்காலக் கல்லூரிதான். வயசு வரம்பு கிடையாது. நுழைவுத் தேர்வு மட்டும் பாஸ் பண்ணணும். பண்ணிடுவேன்.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறியது. தன்னைப் பற்றிச் சிரித்தால் பாயிண்ட் அக்கா பொறுத்துக்கொள்வாள். பழகிவிட்டது. பஸ் டிப்போவில் டியூட்டி போடும் வேலையைப் பார்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாத இந்த மனுஷரையும் ஒரு கதையாக்கி மேஜையில் பரிமாறுவார்களே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ‘பாஸ் பண்ண வைக்கிறேன்’ என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

விண்ணப்பத்தை அவரே போட்டார். ஹால் டிக்கெட்டும் வந்தது. காட்டச் சொன்னபோது, “போட்டோல மூஞ்சி கேவலமா இருக்கு, நீ சிரிப்பே” என்று உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டார். அவளும் வற்புறுத்தவில்லை.

அவர் விண்ணப்பம் போட்ட அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பழுப்பு பிரேம் கண்ணாடி தொலைந்தது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவது அவள் வழக்கம், ஆனால் இந்த முறை தலையிலும் இல்லை. டிப்போவில் தரும் குடும்ப மெடிக்கல் கார்டு என்று கணவர் நீட்டிய தாளில், இன்னொரு கையால் சோபாவுக்கு அடியில் துழாவிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ரசீதுக்குப் பின்னால் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் அவள். அடுத்த வாரம் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டாள்.

முதல் மாதிரித் தேர்வில் அவர் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினார்.

“நேரம் வச்சு எழுதாததுதான் குறை,” என்று அவள் சமையலறை அலாரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அலாரம் எப்போது அடிக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்து இருபத்தாறு வாங்கினார்.

பிறகு போனில் வகுப்பு வைத்தாள். திரையில் ஆசிரியர் வணக்கம் சொல்லும்போதே இவர் கொட்டாவி விடுவார், முதல் விதியைச் சொல்லும்போது குறட்டை கேட்கும். பாடம் விட்டுப்போனால் நாளைக்கு இவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று அவள் உட்கார்ந்து கடைசி வரை பார்ப்பாள். மறுநாள் காலையில் டீயோடு பாடத்தையும் கொடுப்பாள்.

“நல்லா கேளுங்க. விதி என்னன்னா, அனுமதி இல்லாம அடுத்தவங்க தோட்டத்துல நுழைஞ்சா தப்பு. ஒருத்தன் குடை காத்துல பறந்து பக்கத்துத் தோட்டத்துல விழுது. எடுக்கறதுக்கு உள்ள போறான். தப்பா, இல்லையா?”

“மழை பெய்யுதா?”

“பெய்யுதுன்னே வச்சுக்கோங்க.”

“அப்ப பாவம், அவன் என்ன பண்ணுவான். விட்டுடு.”

“உங்களத் தீர்ப்பு சொல்லச் சொல்லலங்க. விதி என்ன சொல்லுதோ அதை மட்டும் பாருங்க. உங்க இரக்கத்தை எல்லாம் வாசல்ல கழட்டி வச்சுட்டு வரணும்.”

“நீ சொன்னா நல்லா புரியுது,” என்று தலையாட்டினார். அந்த வாரம் இருபத்திரண்டு. படிக்கப் படிக்க மார்க் குறைகிற அதிசயம் உலகத்தில் இவருக்கு மட்டும்தான் நடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அதே வட்ட மேஜைக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது டிப்போவிலிருந்து போன். ஒரு டிரைவருக்குக் காய்ச்சலாம். இவர் பென்சிலைக்கூடக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“முதல் வண்டிக்கு மீசைக்காரரைப் போடாத, அந்த கண்டக்டரோட அவருக்குப் பேச்சுவார்த்தை இல்ல. நெட்டையரை அங்க மாத்து. நெட்டையர் வண்டிக்குப் புதுப் பையன் வேண்டாம், பாலத்துல திருப்பத் தெரியாது, மீசைக்காரரே போகட்டும். மத்தியானம் அவருக்குப் பொண்ணைக் கூப்பிடப் போகணும், அதுக்குள்ள அந்த வண்டி திரும்பிடும். சரியா வரும், வை.”

பாயிண்ட் அக்கா வாயைப் பிளந்தாள். “ஏங்க, இதுவும் அதே கணக்குதானே. யார் யாரோட சேர மாட்டாங்க, யாருக்கு எங்க இடம்னு.”

அவர் ஒரு நொடி தடுமாறினாற்போல் இருந்தது.

“அவங்க மனுஷங்க,” என்றார். “இதுல இருக்கறவங்க வெறும் காகிதம். எனக்கு முகம் தெரியணும்.”

முகம்தானே வேண்டும். பாயிண்ட் அக்கா அன்று சாயங்காலமே ஏற்பாடு செய்துவிட்டாள். டாக்டர் இடத்துக்கு மாடி வீட்டுப் பல் டாக்டர். என்ஜினீயருக்கு லிஃப்ட் மெக்கானிக். தையலுக்கு எதிர் வீட்டுத் தையல்கார அம்மா, பாடகிக்கு அடுத்த வீட்டுப் பாட்டு டீச்சர். மீதி இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் கணவர், இன்னொன்றில் தலையணை. மேஜை நீளமானதுதான், எல்லோரும் வட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

“டாக்டர் சார், நீங்க இப்படி உட்காருங்க. என்ஜினீயர் உங்க பக்கத்துல வர மாட்டார்.”

“வந்தாலும் நான் உட்கார மாட்டேன்,” என்றார் பல் டாக்டர். “இவர் லிஃப்ட்டைப் பார்த்த லட்சணத்துல நான் ஒரு மணி நேரம் உள்ளே மாட்டிக்கிட்டுக் கிடந்தேன்.”

“என் லிஃப்ட்டைச் சொல்லாதீங்க,” என்று மெக்கானிக் எழுந்தார்.

கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தியா. தகராறு இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல.”

“டாக்டராவது பரவாயில்ல,” என்றாள் தையல்கார அம்மா. “தினமும் சாயங்காலம் இந்த அம்மா வீட்டுல பிள்ளைங்க கத்தறதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படித் தைக்கறது?”

“அது கத்தறது இல்ல, சங்கீதம். உங்க மெஷின் சத்தத்துலதான் பிள்ளைங்களுக்குத் தாளம் தப்புது,” என்றாள் பாட்டு டீச்சர்.

தலையணையைத் தவிர எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாயிண்ட் அக்கா கையைத் தட்டினாள்.

“பாயிண்ட்டுக்கு வருவோம். டாக்டர் சார், லிஃப்ட் நின்னப்ப உள்ள எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தான்.”

“வேற என்ன இருந்துச்சு?”

பல் டாக்டர் கொஞ்சம் இழுத்தார். “கிளினிக்லேருந்து ஒரு பழைய நாற்காலி.”

“பல் பிடுங்கற நாற்காலியா? இரும்பு நாற்காலியா?”

“ஆமா.”

“தனியாவா தூக்கி உள்ள வச்சீங்க?”

“எப்படி முடியும்? ரெண்டு ஆள் வச்சு.”

“ரெண்டு ஆள் தூக்கற எடை. லிஃப்ட்டுக்குள்ள எழுதியிருக்கறதைப் பார்த்தீங்களா?”

பல் டாக்டர் மெக்கானிக்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தையலுக்கும் சங்கீதத்துக்கும் நேரம் பிரித்துக் கொடுக்க இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் ஆறு நாற்காலியும் மாறிப்போய், எல்லோரும் டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அன்று எழுதிய தேர்வில், டாக்டருக்கு எதிரே யார் என்ற கேள்விக்குக் கொடுத்திருந்த நான்கு விடைகளையும் அடித்துவிட்டு, ஐந்தாவதாக ‘தலையணை’ என்று எழுதி வைத்திருந்தார். மொத்தம் பத்தொன்பது.

“இப்ப நான் எழுதிக் காட்டறேன்,” என்றாள் அவள், பொறுமை போய். “எப்படி எழுதணும்னு பக்கத்துல உட்கார்ந்து பாருங்க.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். மேஜையில் ஒரு கேள்வித்தாள், ஒரு கடிகாரம், இரண்டு பென்சில். எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு உள்ளங்கை ஈரமானது. ‘எனக்கென்ன, நானா எழுதப் போறேன், இவருக்காகச் செஞ்சு காட்டறேன்’ என்று கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பத்தாவது கேள்வியில் கை மறந்துபோனது. டாக்டருக்கு எதிரே தையல்காரர்தான், வேறு யாரும் உட்கார முடியாது. குடைக்காரன் செய்தது தப்பு, மழையானாலும் தப்பு.

அவர் விடைகளை இரண்டு தடவை சரிபார்த்தார். எண்பத்தெட்டு.

“வாராவாரம் எனக்கு ஒண்ணு இப்படி எழுதிக் காட்டு,” என்றார். “பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வரும்.”

அவள் காட்டினாள். எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு. அவர் பார்த்துப் பார்த்து இருபதுக்குக் கீழேயே நின்றார். தேர்வுக்கு முந்தின ஞாயிறு பதினேழு வந்தபோது பாயிண்ட் அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டாள்.

“எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலங்க. அண்ணன் உங்களைப் பார்த்துச் சிரிக்கப் போறாரு. நான் சரியா சொல்லிக்கொடுத்திருந்தா இப்படி ஆகாது.”

அவர் எப்போதும்போல் விளையாட்டாகப் பேசவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொல்லிக்கொடுத்ததுல ஒரு குறையும் இல்ல. இந்த வீட்டுல பாஸ் வரும். நான் எழுதித் தரேன்.”

தேர்வு நாள் காலையில் அவளே அவருக்கு முன்னால் குளித்துக் கிளம்பிவிட்டாள். பென்சில் சீவினாள், தண்ணீர் பாட்டில் நிரப்பினாள், அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க விதிகளை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். கேட் வாசலில் இறங்கிய பிறகுதான், புதுக் கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. எழுதப் போகிறவளா நான் என்று அதை விட்டுவிட்டாள்.

“இதைப் பிடி, வண்டியை விட்டுட்டு வரேன்,” என்று அவர் ஒட்டிய உறையையும் பென்சில்களையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

போனவர் வரவில்லை. கூட்டமெல்லாம் உள்ளே போய்விட்டது. முதல் மணி அடித்தது. வயதான காவலாளி கேட்டை இழுக்க ஆரம்பித்தார். பாயிண்ட் அக்காவுக்குக் கை வேர்த்தது. ஆனாலும் கேட்டுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“ஐயா, ஒரு நிமிஷம். மூடாதீங்க.”

“மணி அடிச்சாச்சும்மா.”

“பாயிண்ட்டுக்கு வாங்க. முதல் மணி உள்ள வரதுக்கு, ரெண்டாவது மணி கேட் மூடறதுக்குன்னு போர்டுல பெருசா எழுதியிருக்கு. ரெண்டாவது மணி இன்னும் அடிக்கல. என் வீட்டுக்காரர் வண்டி விடப் போயிருக்காரு. அவர் எழுதியே ஆகணும். ஃபெயிலானாலும் பரவாயில்ல, பாதியில ஓடிட்டாருன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. இதோ ஹால் டிக்கெட், வேணும்னா பாருங்க.”

காவலாளி கேட்டை விட்டுவிட்டு உறையைப் பிரித்தார். ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு பழுப்பு பிரேம் கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“சார் அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி நிக்கறாரும்மா, நேத்தே வந்து உங்க பெஞ்சு எதுன்னு பார்த்துட்டு, ‘பதட்டத்துல கண்ணாடியை மறந்துட்டு வருவா, அவகிட்ட குடுத்து உள்ள அனுப்பிடுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு.”