பைஃபூஸும் பேராசிரியர் ஃபோல்க்மாரும்

வேர்ச்சொல் ஆராய்ச்சியாளர் என்றொரு வகையினர் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், தண்ணீர் என்ற சொல் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட்டுத்தான் குவளையை நீட்டுவார்கள். ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் வாழும் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஃபோல்க்மார் ரீடெசல் அந்த வகையில் அசல் சரக்கு.

நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளன்று மகள் இம்கெயும் மருமகன் ஹௌகெயும் விருந்துக்கு வந்திருந்தார்கள். வாத்து பொன்னிறமாக வெந்து மேசைக்கு வந்தது. வயிற்றுக்குள் வைத்த மூலிகையின் வாசனை நன்றாயிருக்கிறதே என்றார் மருமகன். பாவம், புதுசு.

"பைஃபூஸ் மாப்பிள்ளை. பேர்ல 'ஃபூஸ்', அதாவது கால், இருக்கேன்னு நம்பிடாதீங்க" என்று தொடங்கினார் ஃபோல்க்மார். செருப்புக்குள் வைத்தால் கால் வலிக்காது என்பதெல்லாம் பின்னால் வந்த கதை, பழைய ஜெர்மனில் அது 'பீபோஸ்', 'போஸன்' என்றால் அடிப்பது, பேயை அடித்து விரட்டும் செடி, அந்த 'போஸ்' யாருக்கும் புரியாமல் போனபின் ஜனங்களாகக் காலை ஒட்டிவிட்டார்கள் என்று அவர் நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்கி வர, வாத்தின் கொழுப்பு தட்டில் உறைந்தது.

நடுவே இம்கெ சொன்னாள்: "அப்பா, ஏப்ரல்ல நீங்க தாத்தா ஆகப் போறீங்க."

"இரும்மா, இதை முடிச்சுடறேன்" என்று கையை உயர்த்தினார்.

மனைவி குண்டுலா எழுந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். 'போஸ்' காலாக மாறிய கதை அவளை உருக்கிவிட்டதென்று ஃபோல்க்மார் பூரித்துப்போனார். வேறென்ன நினைப்பார்?

அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்காரி வாழ்த்துச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா என்று வீட்டில் வந்து குதித்தார்.

"உங்க முகத்தைப் பாத்துத்தான் சொன்னா. நீங்கதான் கையைத் தூக்கி வாயை அடைச்சீங்க" என்றாள் குண்டுலா.

ஃபோல்க்மார் உடனே மகளைத் தொலைபேசியில் அழைத்தார். மன்னித்துவிடு என்றார். அது வேர் தேடாமல் சொன்ன சொல். பெண்ணாக இருந்தால் ஹெட்விக் என்று வைக்கப்போவதாக இம்கெ சொன்னாள்.

'ஹெட்' என்றால் போர், 'விக்' என்றாலும் போர். நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. ஃபோல்க்மார் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நல்ல பேரும்மா."

அவர் எப்படியோ தப்பித்தார். நீங்கள்? அந்தப் பைஃபூஸ் செடியைத் தமிழில் மாசிபத்திரி என்பார்கள். மாசியா, பாசியா, பத்திரி எங்கிருந்து வந்தது என்று இதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தால், கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். எதிரே யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.