இடது கையால் தானம் செய்த ராஜா

பார்க்காத படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது சுலபம். பார்த்த படம்தான் கஷ்டம். நன்றாயிருந்த இடங்கள் குறுக்கே வந்து நிற்கும். வேலூரில் ஒரு வாரப் பத்திரிகையில் ஏறக்குறைய ஒரு வருஷம் நான் சினிமா அபிப்பிராயம் எழுதினேன். அந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்த படம் மொத்தம் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்ததோடு என் விமர்சகர் உத்தியோகம் முடிந்தது.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. படம் பேச ஆரம்பித்திருந்தது. பேசத் தெரிந்துவிட்டதால் நிறுத்தாமல் பாடிக்கொண்டும் இருந்தது. எனக்கு இருபது வயது, வேலை புரூப் திருத்துவது. எடிட்டர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஜனங்கள் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வாரம் அரைப் பத்தி எழுது என்றார். கொட்டகைக்காரர்கள் கொடுத்த இலவசப் பாஸ்கள் அவருடைய மாமியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. (பெரிய குடும்பம். ஒரு பாஸ்கூட வீணாகவில்லை.) பாஸ் இல்லாமல் எப்படி எழுதுவது என்று நான் கேட்கவில்லை. பெயர் அச்சில் வருமா என்று மட்டும் கேட்டேன்.

எனக்கு ஒரு வழி இருந்தது. அதன் பெயர் முனிரத்தினம். என் அக்கா புருஷன். ஆம்பூரில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், சுண்ணாம்புக் குழியில் வேலை. அப்பா அம்மா போனபிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தவர். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. முதலாளிகள் தொழுகைக்குப் போவார்கள், தொழிலாளிகள் சாயங்காலம் டூரிங் கொட்டகைக்குப் போவார்கள். மாமா ஒரு வாரம் தவறமாட்டார். சனிக்கிழமை நான் பாசஞ்சர் பிடித்து வீட்டுக்கு வந்ததும், அக்கா தட்டில் சோறு போடப் போட, அவர் படத்தைப் பிரித்துப் போடுவார்.

“அந்தப் பொம்பள அழுவறா, சரி. எத்தினி நாழி அழுவா? புள்ள செத்ததுக்கு அழுவறாளா, இல்ல பாட்டு முடியலையேன்னு அழுவறாளா, தெரில.”

இதை நான் திங்கட்கிழமை, ‘கதாநாயகியின் சோகம் இசையின் நீளத்தால் பலவீனப்படுகிறது’ என்று எழுதுவேன். “யம தர்மனுக்குத் தொப்ப ஜாஸ்தி, எருமதான் பாவம்” என்றால், ‘பாத்திரத் தேர்வில் கவனம் தேவை’. வேலூரில் என்னை நியாயமான விமர்சகர் என்றார்கள். கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் தெருவில் நிறுத்திக் கை கொடுத்தார். அப்போதெல்லாம் நான் தோளில் ஒரு தோல் பை மாட்டியிருப்பேன். பத்திரிகையில் சேர்ந்தபோது மாமா, ஷாப்பில் கழித்துப் போட்ட துண்டுத் தோல்களை வாங்கி, தானே ஊறப்போட்டு, சக்கிலியத் தெருவில் கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தது. நான் உலகத்திலேயே நல்ல பை என்று நினைத்திருந்தேன். அது ஓரளவுக்கு உண்மைதான்.

எல்லாம் மாமாவின் வாக்கியங்கள் என்றாலும் ஒரே ஒரு வாக்கியம் என் சொந்தச் சரக்கு. கொட்டகைக்கு நானே போய் உட்கார்ந்து பார்த்தேன் என்று வாசகர்கள் நம்ப வேண்டுமே என்ற கவலையில், ஒரு வாரம் கடைசியில் சேர்த்தேன்: ‘ஆம்பூர்க் கொட்டகையில் தோல் ஷாப்புக்காரர்களின் வாடை, படம் தொடங்குமுன்பே வந்து முன் வரிசையில் அமர்ந்துவிடுகிறது.’ எடிட்டர் இரண்டு தடவை படித்துச் சிரித்தார். நான் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. வாடையைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாடை உள்ள வீட்டில் பத்து வருஷம் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மாமா சாப்பிடும்போது, “இப்ப பாட்டு நல்லா காதுல உழுது” என்றார். அக்கா ரசம் ஊற்றப்போன கையை ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். ரசம் வேண்டுமா என்று கேட்கிறாள் என நினைத்துக்கொண்டேன். கொட்டகையில் ஒலிக்கருவி மேம்பட்டிருப்பதாக எழுதி, முதலாளிக்குப் பாராட்டும் தெரிவித்தேன்.

அதற்கு மறுவாரம் ஒரு புராணப் படம் வந்தது. பெயரை எழுதப்போவதில்லை, அதில் நடித்தவர்களின் பேரன் பேத்திகள் நம்மிடையே இருக்கிறார்கள். தர்மம் செய்தே அழிந்துபோகும் ஒரு ராஜாவின் கதை. மாமா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்.

“ராஜா பீச்சாங்கையில தானம் குடுக்கறான். ரிஷி பீச்சாங்கையில ஆசீர்வாதம் பண்றான். அப்புறம் ராஜ்ஜியம் போவாம இன்னா பண்ணும்?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இது ஒரு விமர்சகனுக்கு ஆயுசில் ஒரு தடவை அகப்படும் விஷயம். நல்லா பார்த்தீர்களா என்று கேட்டேன். ரெண்டு கண்ணால பாத்தேன் என்றார். கூட வந்தவங்களும் பாத்தாங்க, வேணும்னா கேளு என்றார். நான் கேட்கவில்லை. அரைப் பத்தியை முக்கால் பத்தியாக்கி, ‘தானமும் ஆசியும் இடது கையாலா? புராணத்தை அவமதிக்கும் டைரக்டர்’ என்று தலைப்புக் கொடுத்தேன். எடிட்டர் எழுத்தைப் பெரிதாக்கினார்.

இதழ் வெளிவந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை கொட்டகை முதலாளி ஆம்பூரிலிருந்து ரயிலேறி வந்து பேப்பரை எடிட்டரின் மேஜைமேல் விரித்தார். வாணியம்பாடியில் ஒரு பஜனை கோஷ்டி கூட்டம் போட்டு, அந்தப் படத்துக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டதாம். ராஜா வலது கையால்தான் கொடுக்கிறார், விளம்பரத்தை நிறுத்தப்போகிறேன் என்றார். எடிட்டர் அவருக்குக் காப்பி வரவழைத்தார். பிறகு என்னைப் பார்த்து, வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு நாம் இருவரும் போகிறோம், நீ எனக்கு அந்த இடத்தைக் காட்டு, காட்ட முடியாவிட்டால் சனிக்கிழமை ஆபீசுக்கு வர வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மாமாவின் இரண்டு கண்களை நம்பி நான் ரயிலேறினேன்.

கொட்டகை வாசலில்தான் முதல்முதலாக அதைப் பார்த்தேன். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வழக்கமான வழி. இன்னொன்று பக்கவாட்டில், தென்னங்கீற்றுத் தடுப்புக்குப் பின்னால், திரைக்குப் பின்புறமாகப் போகும் வழி. அந்த வழியில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்கள். சிலர் ஜவ்வாது பூசியிருந்தார்கள். நான் நின்ற இடம்வரை மணத்தது. எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். மூன்றாவது ஆள் மாமா.

எடிட்டரும் முதலாளியும் முன்னால் போய்விட்டார்கள். நான் பின்னால் நுழையும்போது டிக்கெட் கிழிக்கிறவர் கையை நீட்டி மறித்தார். என் பைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தார்.

“அந்த வழியா போப்பா.”

நான் பத்திரிகைக்காரன் என்றேன்.

“நாங்களா சொல்லலப்பா. பேப்பர்லயே எழுதிட்டாங்க. வாடை வர்றவங்க அந்த வழி.”

எடிட்டர் திரும்பிப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். டிக்கெட்காரர் கீற்றுத் தடுப்புப் பக்கம் திரும்பி, யோவ், இவரு உங்க ஆளா என்று கேட்டார்.

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. அதில் பாதிப் பேர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். நான் கொட்டகைக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிகவும் கனமான கயிறு, மூன்று புரி. இன்றும் வரைந்து காட்டுவேன்.

மாமா வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்தார்.

“எங்க ஆளு இல்லீங்க. பைதான் எங்களுது. ரயில்ல உட்டுட்டு எறங்கிட்டேன், பாவம் எடுத்தாந்து குடுக்க வந்திருக்காரு. இவரு யாருன்னே தெரியாது. உள்ள உடுங்க.”

கையை நீட்டினார். நான் பையைக் கழற்றிக் கொடுத்தேன். ரொம்ப உபகாரங்க என்றார். நான் ‘பரவாயில்லை’ என்றேன். இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு சொல்லை எழுதப் பேனா இரண்டு தடவை மறுத்துவிட்டது.

படம் தொடங்கியது. ராஜா வலது கையால் தானம் கொடுத்தார். ஒவ்வொரு தடவை அவர் கையைத் தூக்கும்போதும் எடிட்டர் என் பக்கம் திரும்பினார். அந்த ராஜா சாமானியமான தர்மப்பிரபு இல்லை. பசு கொடுத்தார், பொன் கொடுத்தார், நெல் கொடுத்தார், நாட்டைக் கொடுத்தார். பாதிப் படத்துக்குப் பிறகு எடிட்டர் திரும்புவதை நிறுத்திவிட்டார், கழுத்து வலித்திருக்கும். ரிஷியும் வலது கைதான். மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவேயில்லை.

ஒரு ரீல் முடிந்தது. அடுத்த ரீல் மாட்டும்வரை இருட்டு. முன்பக்கம் விளக்கேற்றத் தாமதமாயிற்று. பின்பக்கத்தில் யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கை முதலில் ஏற்றிவிட்டார்கள். திரையில் அவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். வரிசையாகத் தலைகள், தோள்கள், ஒருவர் குனிந்து பீடி பற்றவைப்பது, ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டினாற்போல் ஒருவர், மடியில் ஒரு பையோடு. பெஞ்சுக்காரர்கள் விசிலடித்தார்கள். பையின் வாரைக்கூட என்னால் பார்க்க முடிந்தது.

அப்போதுதான் புரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் உலகத்தில் எல்லோருக்கும் இடது கைதான். அவர்களை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது என் வாக்கியம். என் வாக்கியம் கொடுத்த இடத்திலிருந்து மாமா பார்த்து உண்மையைச் சொன்னார், நான் அதை அச்சில் பொய்யாக்கினேன்.

எடிட்டரிடம் இதைச் சொல்லியிருந்தால் வேலை தப்பித்திருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து பார்த்தது யார் என்று கேட்பார். அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று பத்துப் பேர் முன்னால் இப்போதுதான் முடிவாகியிருந்தது. கண் கொஞ்சம் கோளாறு சார் என்றேன்.

அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போட்டார்: ‘நமது நிருபரின் பார்வைக் குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். மன்னர் வலது கையாலேயே தானம் செய்கிறார்.’ இல்லாத ராஜாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. வாடையைப் பற்றிய வாக்கியத்துக்கு மறுப்பு எதுவும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் ரயிலேறி வந்து மேஜையில் பேப்பரை விரிக்கவில்லை. இரக்கப்பட்டு என்னை மறுபடி புரூப்புக்கு மாற்றினார்கள். (கண் கோளாறு உள்ளவனைப் புரூப் திருத்தவைத்த பத்திரிகை அது.)

படம் பார்த்த மறுநாள், சனிக்கிழமை காலையில், மாமா கிணற்றடியில் இருந்தார். பை கொடியில் வெயிலுக்குத் தொங்கியது. நான் போய் நின்றேன். பின்னால் உட்கார்ந்துதான் பார்க்கிறோம் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்டேன் என்று அக்கா பின்னால் சொன்னாள்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதான எழுதின. ஷாப்புக் கணக்குப்பிள்ள படிச்சுக் காட்டினாரு.”

பிறகு, “பாட்டு நல்லா கேக்குதுடா, நெசமாத்தான்” என்றார்.

அந்தக் கொட்டகை ஊரில் இருந்தவரைக்கும் அவர்கள் பின்னால்தான் உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு ஐம்பது வயதுக்குமுன்பே இடது காது மந்தமாகிவிட்டது. ஒலிபெருக்கி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டில் இது வேடிக்கையாக நிலைத்துவிட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளேயிருந்து யாராவது, “இவரு யாருன்னே தெரியாது, உள்ள உடுங்க” என்பார்கள். என் கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கு மாமா என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். பெண் வீட்டார் பயந்துபோனார்கள். அக்காவின் குழந்தைகள் யாராவது இடது கையால் எதையாவது எடுத்தால், பேப்பர்ல போட்டுடுவாரு என்று மிரட்டி வளர்த்தார்கள்.

கடைசியாக அதைக் கேட்டது வேலூரில், ஆஸ்பத்திரியில். மாமாவுக்கு நெஞ்சு அடைத்துப் பத்து நாளாகப் படுக்கை. அக்கா தலைமாட்டில் இருந்தாள். நான் ஆபீசிலிருந்து நேரே போய்க் கால்மாட்டில் நின்றேன். அந்தப் பழைய பை தோளில் இருந்தது. நர்ஸ் வந்து, சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கலாம், இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

“இவரு யாருன்னே தெரியாது.”

அடுத்த இரண்டு வார்த்தைக்காக நானும் அக்காவும் காத்திருந்தோம். மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் எனக்கு வாசலைக் காட்டினார். அக்கா வாயில் புடவையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் வெளியே போய் வராந்தாவில் நின்றேன். உள்ளே கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னார், மீதியைச் சொல்ல மூச்சு வரவில்லை என்பது அக்காவின் கட்சி. நினைவு தப்பிவிட்டது என்பது அவள் பெரிய மகனின் கட்சி. வருஷா வருஷம் திவசத்துக்குச் சாப்பிட உட்காரும்போது இரண்டு கட்சியும் வாதாடும், சிரிக்கும். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. நான் கால்மாட்டில் நின்று நேராகப் பார்த்தவன்; சரியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.